சொட்டு நீலமும் அரை ஆயுளும்

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பது அதைப் போடுகிற எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால், "டாக்டர் சொன்னார்" என்பதுதான் பெரும்பாலும் பதில். காரணம் தெரியாத விதி, ஊரிலிருந்து கிளம்பிப் போகிற முதல் கல்யாண வீட்டிலேயே உடைந்துவிடும். விடியற்காலையில் காபி கைக்கு வருகிறது, மாத்திரையும் காபியோடு உள்ளே போகிறது. அன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுநாளும் ஒன்றும் ஆவதில்லை. "சும்மா பயமுறுத்துறாங்க" என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

உடம்புக்குள் நடப்பது வேறு. தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் குடல் வழியாக ரத்தத்தில் ஏறும். காபி, சாப்பாடு, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே அந்த அளவைக் குறைக்கும். ஆனால் ஏறிய மருந்து பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். அந்த ஏழு நாள்தான் அதன் அரை ஆயுள். போன வாரம் ஒழுங்காகப் போட்டது இன்னும் ரத்தத்தில் இருப்பதால் ஒருநாள் தப்பு வெளியே தெரியாது. தினமும் காபியோடு போட்டால் அளவு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். டோஸ் மாற்றியபின் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்வதும் இதனால்தான். ரத்த அளவு புதிய நிலைக்கு வந்து நிற்க ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள், அதாவது 35 நாள் ஆகும். அதற்கு முன்னால் பார்க்கிற எண் பாதி வழியில் எடுத்த போட்டோ மாதிரி.

இந்த ஒரு பத்தி புரிந்தவருக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, நான்கு மணி நேரம் தள்ளி கால்சியம் என்று சொன்னால் போதும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அவரே காரணத்திலிருந்து விதியை எடுத்துக்கொள்வார். இதை எப்படிப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. நர்சுகள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு போகிற பெண்கள், வீட்டில் அப்பா அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை அப்போதே மறந்துபோகிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல்லும் முறையை மாற்ற வேண்டும்.

வழக்கமான வகுப்பு எப்படி இருக்கும்? பலகையில் உறிஞ்சப்படுதல், பரவுதல், வளர்சிதைமாற்றம், வெளியேற்றம் என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஐந்தாறு மருந்துப் பெயர். மருந்து உடம்புக்குள் போய் வெளியேறும் இந்தப் பயணத்துக்கான ஃபார்மகோகைனடிக்ஸ் என்ற சொல்லை 1953-இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஹார்ட்முட் டோஸ்ட் உண்டாக்கினார் என்பதும் சேரும். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிற புதிய விஷயங்கள் மூன்று நான்குக்கு மேல் இல்லை. நான்கு புதுச்சொல்லிலேயே இடம் நிரம்பிவிட்டால், அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று யோசிக்க இடமே இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் காலிப் பாத்திரமாக வருவதில்லை. "இந்த மாத்திரை பவர் ஜாஸ்தி", "இங்கிலீஷ் மருந்து சூடு", "மாத்திரை நேரா வலிக்கிற இடத்துக்குப் போகும்", "ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்" என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கோட்பாடு இருக்கும். அதைத் தொடாமல் பாடம் நடத்தினால், பாடம் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம் என்று இரண்டும் பத்திரமாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஜெயிப்பது நம்பிக்கைதான். அதனால் ஆரம்பமே கேள்வியாக இருக்கட்டும். "தலைவலிக்கு மாத்திரை போட்டா, அதுக்குத் தலைதான் வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?" பதிலை ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தெரியாது என்பதுதான் விடை. மருந்து ரத்தத்தோடு கால் கட்டைவிரல் வரைக்கும் போகிறது. வயிற்றெரிச்சலும் தலைசுற்றலும் பக்கவிளைவாக வருவதன் காரணம் இந்த ஒரு விடையிலேயே கிடைத்துவிடும்.

இனி குடுவை. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்க வேண்டும்.

தேவையானவை: ஒன்றரை லிட்டர் பிடிக்கிற, வாய் அகன்ற தெளிவான கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குடுவை, துணிக்குப் போடும் சொட்டு நீலம், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், 200 மி.லி. மற்றும் 100 மி.லி. அளவு டம்ளர் ஒவ்வொன்று, ஒரே மாதிரியான சிறிய கண்ணாடி கிளாஸ் பத்து, ஒரு வெள்ளைத் தாள். கொஞ்சம் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஒரு ஸ்டாக் (அடர்த்தியான கரைசல்) தயார் செய்யுங்கள், இனி குடுவையில் விடும் நீலம் என்றால் இதுதான். அதில் 10 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் நிறம் நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் குடுவைக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிய வேண்டும். அதைவிட அடர்த்தியானால் எட்டுக்கும் பத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நீலத்தின் அடர்த்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

ஒப்பிட மூன்று கிளாஸ் வேண்டும். ஒரு லிட்டரில் 10 மி.லி. ஸ்டாக் கலந்தது முதல் கிளாஸ். அதே தண்ணீரோடு சம அளவு வெறும் தண்ணீர் கலந்தது இரண்டாவது, அதையும் பாதியாக நீர்த்தது மூன்றாவது. முழு, அரை, கால் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது குடுவையில் ஒரு லிட்டர் தண்ணீர், 10 மி.லி. நீலம். குடுவைதான் உடம்பு, நீலம்தான் மருந்து, 200 மி.லி. டம்ளர்தான் கிட்னி. ஒரு சுற்று என்பது இவ்வளவுதான்: கலக்கு, 200 மி.லி. முகந்து எடு, அதில் கொஞ்சம் கிளாசில் ஊற்றி வை, மீதியைக் கொட்டு, 200 மி.லி. வெறும் தண்ணீர் ஊற்று. அதற்கு முன்னால் ஒரு கேள்வி: "ஒரு லிட்டர்ல ஒவ்வொரு தடவையும் 200 எடுக்கிறோம். எத்தனை சுற்றுல நீலம் சுத்தமா போகும்?" பலரும் ஐந்து என்பார்கள். எழுதி வைக்கட்டும்.

மூன்று சுற்றில் நிறம் 'அரை' கிளாசோடு பொருந்தும். ஆறில் 'கால்'. ஐந்தில் தீராது, பதினைந்தாவது சுற்றிலும் மூன்றரை சதவீதம் மிச்சம் இருக்கும். முதல் டம்ளரில் போன நீலத்தைவிட ஆறாவது டம்ளரில் போன நீலம் மிகக் குறைவு, இரண்டும் 200 மி.லி.தான் என்றாலும். கிட்னி ஒரு மணி நேரத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வைத்து மருந்தை எடுப்பதில்லை, இத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அந்தக் கொள்ளளவுக்குத்தான் கிளியரன்ஸ் என்று பேர். பெயரை இந்த இடத்தில் சொல்லுங்கள், இதற்கு முன்னால் வேண்டாம். பொருளைக் கண்ணால் பார்த்தபின் வரும் பெயர் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே வழக்கமாக வரும் தப்புகள் மூன்று. முகக்குமுன் கலக்காமல் விடுவது ஒன்று, அடியில் நீலம் தங்கி மேலே வெளுத்துக் காட்டும். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் முகப்பது இரண்டாவது, அப்படிச் செய்தால் கணக்கு மாறிவிடும். மூன்றாவதில் எண்ணிக்கையே பிசகும்: முதல் முறை முகந்தது இன்னும் ஒன்றும் நீங்காத தண்ணீர், ஆகவே மூன்று சுற்று முடிந்த நிறம் நான்காவது முகப்பில்தான் தெரியும். கிளாஸ்களுக்கு 0, 1, 2, 3 என்று எண் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்து தினசரி டோஸ். புதிதாக ஆரம்பித்து, மூன்று சுற்றுக்கு ஒருமுறை, அதாவது ஒவ்வொரு அரை ஆயுளுக்கும், 10 மி.லி. நீலம் விடுங்கள். அந்தச் சுற்றில் வெறும் தண்ணீரை 190 மி.லி. ஆக்கிக்கொண்டால் மட்டம் ஏறாது. டோஸ் விட்டவுடன் குடுவையில் இருக்கும் ஸ்டாக் அளவு 10, 15, ஏறக்குறைய 18, 19, 20 என்று ஏறி அங்கேயே நிற்கும். உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டது. பிரஷர் மாத்திரையான அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். தினம் ஒன்று போட்டால் இந்தச் சமநிலைக்கு வர ஏழெட்டு நாள் ஆகும். இன்றைக்கு ஆரம்பித்து நாளைக்கே பிரஷர் பார்த்து "இந்த மாத்திரை எனக்குக் கேக்கல" என்று நிறுத்துபவரிடம் காட்ட வேண்டிய குடுவை இது.

முதல் டோஸாக 10-க்குப் பதில் 20 விட்டு, அடுத்தடுத்து 10 விட்டால் முதல் நாளே சமநிலை. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் முதல் நாள் 200 மி.கி., பிறகு தினம் 100 மி.கி. என்று எழுதப்படுவதில் இருக்கும் கணக்கு இதேதான். அதன் அரை ஆயுளும் ஒரு நாளை ஒட்டியே வரும்.

இப்போது டம்ளரை மாற்றுங்கள். 200-க்குப் பதில் 100 மி.லி. டம்ளர், டோஸ் அதே 10, இடைவெளி அதே மூன்று சுற்று. ஐந்தாவது டோஸில் 29, அதற்கு மேலும் ஏறி 37-ஐ நெருங்கித்தான் நிற்கும். டோஸுக்கு முன் இருக்கும் மிகக்குறைந்த அளவே 27 ஆகிவிடும், அது பழைய உச்சத்தைவிட அதிகம். மாத்திரையை யாரும் மாற்றவில்லை, கிட்னி மட்டும் பாதியானது. "ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்" என்றவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். எல்லா மாத்திரையும் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே குறைந்திருக்கும்போது பழைய டோஸையே தொடர்வது ஆபத்து. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் உடம்பில் உருமாறாமல் அப்படியே கிட்னி வழியாக வெளியேறுகிற மருந்து. கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று லேப் ரிப்போர்ட்டில் வரும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே போனால் அதைக் கொடுக்கக்கூடாது. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்ஸினின் அரை ஆயுள் நல்ல கிட்னியில் ஒன்றரை முதல் இரண்டு நாள், சிறுநீரே பிரியாத நிலையில் மூன்றரை முதல் ஐந்து நாள்.

இந்தச் சூட்டோடு கணக்கு ஒன்று. கிட்னியின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்று மதிப்பிட, காக்ராஃப்ட், கால்ட் இருவரும் 1976-இல் வெளியிட்ட சூத்திரம்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை (கிட்னி வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் மி.கி./டெ.லி. கணக்கில்) 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். முதல் கணக்கை நீங்களே முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். 25 வயது ஆண், 70 கிலோ, கிரியேட்டினின் 1.2: 115 × 70 = 8050, வகுக்க 86.4, விடை 93. இரண்டாவதில் கடைசி வரியை மட்டும் காலியாக விடுங்கள். 75 வயது அம்மா, 50 கிலோ, அதே 1.2: 65 × 50 = 3250, வகுக்க 86.4, அதாவது 37.6, அதை 0.85-ஆல் பெருக்கினால்? 32. லேப் ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் அதே 1.2, ஆனால் ஒருவர் கையில் பெரிய டம்ளர், இன்னொருவர் கையில் அதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது கணக்கை அவர்களே தொடக்கத்திலிருந்து போடட்டும். முழுத்தீர்வு, பாதித்தீர்வு, வெறும் கேள்வி என்ற இந்த வரிசை புதியவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. பத்து வருஷ அனுபவமுள்ள ஃபார்மசிஸ்டை முதல் படியில் உட்கார வைத்தால் சலித்துப்போவார். அவருக்கு நேரே மூன்றாவது.

குடுவை ஒரு லிட்டர்தான், மருந்தோ சதையிலும் கொழுப்பிலும் போய் ஒளிந்துகொள்ளும். அதைக் காட்ட, மீன்தொட்டி ஃபில்டருக்கு விற்கிற ஆக்டிவேட்டட் கார்பனை நன்றாகக் கழுவி, சில கரண்டி போட்டுக் கலக்கினால் நிறம் வெளுக்கும். நீலம் வெளியே போகவில்லை, கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிஜாக்ஸின் இப்படித்தான். ரத்தத்தில் இருக்கும் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், 70 கிலோ ஆளுக்குள் ஏறக்குறைய 500 லிட்டர் தண்ணீர் இருப்பதுபோல விடை வரும். பெரும்பகுதி தசையில் இருப்பதால், டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாலும் டிஜாக்ஸின் அவ்வளவாக வெளியே வராது.

வாயிலிருந்து ரத்தம் வரைக்குமான வழியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குடலில் ஏறியது நேரே உடம்புக்குப் போவதில்லை, முதலில் கல்லீரல் செக்போஸ்டைத் தாண்ட வேண்டும். நெஞ்சுவலிக்கு வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அந்த செக்போஸ்டைச் சுற்றிக்கொண்டு போக. விழுங்கினால் வேலை தாமதமாகும், பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்தும்விடும். மார்ஃபின் ஊசியில் 10 மி.கி. என்றால் வாய்வழி 30 மி.கி. தேவைப்படுவதும் இதனால். ரிஃபாம்பிசின் போன்ற டி.பி. மருந்து கல்லீரலின் வேலையாட்களான என்சைம்களைப் பெருக்கிவிடும், அதனால் கர்ப்பத்தடை மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் வேகமாக அழிந்து பலனிழக்கும். மெதுவாகக் கரையும்படி செய்த மெட்ஃபார்மினை விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்தால், நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே மூச்சில் போகும்.

அரை ஆயுள் பழகிவிட்டவர்கள் ஒரு குழியில் விழுவார்கள், அதையும் நாமே காட்டிவிட வேண்டும். ஆஸ்பிரினின் அரை ஆயுள் 20 நிமிடம்தான். அப்படியானால் மூன்று மணி நேரத்தில் ரத்தம் பழையபடி உறையுமா? உறையாது. ஆஸ்பிரின் தட்டணுவை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிட்டுப் போகிறது, புதுத் தட்டணுக்கள் வந்து சேர 7 முதல் 10 நாள் ஆகும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலும் அப்படி. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் அமில பம்ப்பைப் பூட்டிவிடும். சாப்பாடு வரும்போது இயங்குகிற பம்ப்பைத்தான் அதால் பூட்ட முடியும், ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். மருந்து இருக்கும் நேரம் வேறு, வேலை செய்யும் நேரம் வேறு. இந்த விதிவிலக்கைக் குடுவைக்கு முன்னால் சொன்னால் எல்லாம் குழம்பும், பின்னால் சொன்னால் எல்லாம் தெளியும்.

குடுவையே பொருந்தாத மருந்தும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் ஓரளவுக்கு மேல் போனால், கல்லீரல் ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்த ரயில் நிலையம் மாதிரி ஆகிவிடும். வரிசை எவ்வளவு நீண்டாலும் மணிக்கு இத்தனை டிக்கெட்தான். 300 மி.கி.யை 400 ஆக்கினால் ரத்த அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடும் என்று நினைப்பது தவறு, பல மடங்கு ஏறலாம். கண் ஆடும், நடை தள்ளாடும். அதனால்தான் 25, 50 மி.கி. என்று சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். சாராயமும் இதே கவுன்ட்டர் கணக்கில்தான் இறங்கும்.

பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். புரிந்தது என்பதைத் தவிர வேறு பதிலை அந்தக் கேள்வி அனுமதிக்காது. "அக்கா, நாளைக்கு அந்த வீட்டுத் தாத்தா ஒரே நாள்ல பிரஷர் குறையலன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் வாயால் வருவதுதான் அவருக்குப் புரிந்தது. தடுமாறினால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லி, குடுவையை மறுபடி அவர் கையில் கொடுங்கள்.

மறதியும் ஒரு வெளியேற்றம்தான். 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்ஹாஸ் தன் மறதியைத் தானே அளந்து வரைந்த கோடும், மருந்து இறங்கும் கோடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், முதலில் செங்குத்தாக, பிறகு மெதுவாக. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். குடுவைக்குப் பொருந்துகிற மருந்துக்கு எத்தனை டோஸ் போட்டாலும் அரை ஆயுள் மாறாது. நினைவுக்கோ, மறக்கப் போகிற நேரத்தில் முயன்று மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அரை ஆயுளே நீள்கிறது. மீட்டெடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், மறுபடி படித்தால் போதாது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: 42-க்கு எதிராக 56. அன்றைய வகுப்பின் முடிவில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள் என்று மகிழ்வது நம்மை ஏமாற்றுகிற 81 அது.

ஆகவே நாள் முழுக்கப் பயிற்சி என்று ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துவிடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் குடுவை. மறுநாள் பத்து நிமிடம், கையில் தாள் இல்லாமல் மூன்று கேள்வி. ஒரு வாரம் கழித்து இன்னும் மூன்று, இந்த முறை மருந்துகளை மாற்றி. ஒரு மாதம் கழித்து, அவர்கள் தினமும் பார்க்கிற நோயாளி போன்ற ஒரு ஆளை முன்வைத்து ஒரே ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி இப்படி இருக்கலாம். 75 வயது அம்மா, 50 கிலோ, தினமும் டிஜாக்ஸின். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. இப்போது சாப்பாடே பிடிக்கவில்லை, குமட்டல், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். குடுவையில் எந்த டம்ளர்? உடம்பு வற்றிப்போய் கிட்னியின் வேலை குறைந்திருக்கும், சின்ன டம்ளர். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் போயிருக்கும், அந்தக் குறைவு டிஜாக்ஸினின் நஞ்சைக் கூர்மையாக்கும். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஈ.சி.ஜி., கிரியேட்டினின், பொட்டாசியம், டிஜாக்ஸின் அளவு பார்ப்பார்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்பதைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். போட்டு ஆறு மணி நேரமாவது ஆன பிறகு எடுத்த ரத்தத்தில்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு, அதற்கு முன்னால் மருந்து ரத்தத்திலிருந்து தசைக்குப் போய் முடிந்திருக்காது.